இரண்டாவது கரண்டி

முப்பதாவது தோட்டாக் கூட்டில் ஈயக் குண்டை வைத்து, பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தி எடுத்த பிறகுதான் சங்கரேஸ்வரிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மருந்து ஒரு கரண்டி போட்டோமா, இரண்டு கரண்டி போட்டோமா? எந்தக் கூட்டில் என்றும் நிச்சயமில்லை. மூன்றாவது வரிசையில் எங்கேயோ. மகள் போன் பண்ணினாளே, அதற்குக் கொஞ்சம் முன்னாலோ கொஞ்சம் பின்னாலோ. கையில் கரண்டி இருந்தது, கரண்டியில் மருந்து இருந்தது, போன் அடித்தது. கவிழ்த்துவிட்டுப் போனை எடுத்தாளா, எடுத்துவிட்டுக் கவிழ்த்தாளா, இல்லை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவையும் வைத்த பிறகு ஒரு தடவையுமா? கேரேஜ் கதவைப் பாதிக்குத் தூக்கி வைத்திருந்தாள். டெக்சாஸின் ஜூலை வெயில் சிமெண்டுத் தரையில் ஒரு முழம் உள்ளே வந்து கிடந்தது. தெருவில் யாரோ புல்வெட்டும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு எதிர்ப்பக்கம் சக்கர நாற்காலியில் இருந்த அவள் புருஷன் தங்கமாரியப்பன் இடது உள்ளங்கையால் மேசையை அடித்தார். "நாளைக்கு," என்றார். "நாளைக்கு! நாளைக்கு!" ஒன்பது மாதமாக அவரிடம் மிஞ்சியிருக்கிற ஒரே சொல் அதுதான். பசித்தாலும் நாளைக்கு, மூத்திரம் முட்டினாலும் நாளைக்கு, டி.வி.யைப் போடு என்பதற்கும் அணை என்பதற்கும் நாளைக்கு. மூளையில் ரத்தக் குழாய் அடைத்தபோது ஐம்பத்தெட்டு வருஷத்துத் தமிழும் முப்பது வருஷத்து இங்கிலீஷும் மொத்தமாகப் போய்விட, இது ஒன்று மட்டும் எப்படித் தப்பியது என்று டாக்டர்களாலும் சொல்ல முடியவில்லை. பேச்சுதான் போயிருக்கிறது, புத்தி போகவில்லை என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். அதைச் சொல்லும்போது அவள் இவரைப் பார்க்கவில்லை. சங்கரியைப் பார்த்துத்தான் சொன்னாள். புத்தி எவ்வளவு போகவில்லை, முக்காலா அரையா என்று சங்கரி கேட்டிருக்கலாம். இவர் முன்னால் வைத்து எப்படிக் கேட்பது?

தோட்டா செய்துகொண்டிருந்தது அவர் வாங்கிய முதல் ரிவால்வருக்கு. இன்னும் ஒரு தடவைகூடச் சுடாதது. பைப்லைன் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்து ரிட்டயரான டேல் என்கிற வெள்ளைக்காரர், சனிக்கிழமைகளில் சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போவார். ஒரு வருஷம் டேலின் துப்பாக்கியையே இரவல் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்துவிட்டு, போன அக்டோபரில் இவர் தனக்கென்று ஒன்று வாங்கி வந்தார். கூடவே இந்தப் பிரஸ், தராசு, கரண்டி, மரப்பலகை. கடையில் விற்கிற தோட்டா எதற்கு, ஒவ்வொன்றையும் நம் கையால் செய்தால் அதன் சுத்தமே தனி என்றார். எதையும் அளந்து பார்த்துச் செய்வதில் அவருக்கு ஓர் ஆனந்தம். சாம்பாருக்குப் புளியைக்கூட எடை போட்டுப் பார்க்கிற ஆள். டேலிடமிருந்து சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை வாங்கி வந்து கழுவி, பளபளவென்று ஆக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பொறி தட்டுகிற கேப் ஒன்றை அழுத்தி, பலகையின் ஐம்பது குழிகளிலும் வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்தார். பத்துப் பத்தாக ஐந்து வரிசை. மருந்து போடுவதும் குண்டு வைப்பதும்தான் பாக்கி. "சங்கரி, நாளைக்கு மருந்து போட்டுரலாம்," என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார். காலையில் தோசையைப் பிய்த்த கை வாய்க்குப் போகாமல் தட்டிலேயே நின்றது. முகத்தின் ஒரு பக்கம் இறங்கியது. அந்த நாளைக்குதானா இது? சொல்லி வைத்த வேலை பாக்கி நிற்கிறது என்று ஒன்பது மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார்கள், அல்லது ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், நாற்காலியைத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டி, சமையலறை தாண்டி, துணி துவைக்கிற இடம் தாண்டி, இந்தக் கேரேஜுக்குக் கூட்டி வந்து, மேசைமேல் மூடியிருந்த துண்டை அவரே இழுத்துப் போட்டார். ஐம்பது பித்தளைக் கூடும் அப்படியே நின்றன. அதைக் காட்டினார், அவளைக் காட்டினார். சரி, ஆசைப்படுகிறார் என்று அவள் டேலிடம் சொல்லிக் கடையிலிருந்து ஒரு பெட்டித் தோட்டா வாங்கி வரச் செய்தாள். பெட்டியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டார். தரையெல்லாம் உருண்டது. குனிந்து பொறுக்கினாள். இவருக்கு வேண்டியது இவருடைய தோட்டா. அப்புறம் டேல் இரண்டு சனிக்கிழமை வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கூட்டுக்கு ஒரு கரண்டி. கரண்டியின் தலையை அட்டையால் வழித்துவிட்டுக் கவிழ்க்க வேண்டும். இரண்டாவது கரண்டி தவறி விழுந்தால் வழியாது, அதுதான் மோசம், உள்ளே அதற்கும் இடம் இருக்கிறது. மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. சுடும்போதுதான் தெரியும், துப்பாக்கியே கைக்குள் வெடிக்கும். கண் போகலாம், விரல் போகலாம் என்று டேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். இவரால் வலது கையைத் தூக்க முடியாது. இடது கையில் துப்பாக்கியைக் கொடுத்து, பின்னால் நின்று அவள் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிப்பதாக ஏற்பாடு. நான்கு மணிக்கு டேல் வண்டி கொண்டுவருவார். இப்போது மணி இரண்டரை.

மருந்து என்று அவள் சொல்லும்போதெல்லாம் டேலுக்குப் புரியாது. பவுடர் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு மருந்து என்றுதான் வரும். சாத்தூருக்கு மேற்கே அவள் ஊரில் எல்லோருக்கும் அது மருந்துதான். அவளுடைய அக்காள் குருவம்மா பதினாறு வயதில் பட்டாசு ஆலைக்கு மருந்து போடப் போனாள். பூச்சட்டியில் அவளைப்போல் ஒரே அளவாகப் போட ஆளில்லை என்று போர்மேன் சொல்வானாம். சாயங்காலம் வேன் வந்து இறக்கிவிடும். இறங்கும்போது அக்காள் வெள்ளி நிறமாக இருப்பாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் அந்த வெள்ளி போகாது. ஆலையைப் பற்றி அக்காள் சொல்வாள். ஒரு அறைக்கு நாலு பேர், நாலு வாசல், தரையில் ரப்பர் விரிப்பு. மருந்து இருக்கிற இடத்தில் தட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது, மெதுவாக வைக்க வேண்டும். ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே வந்தாள். வேப்பமரத்துக் குழாயடிக்குப் போய்ச் சேரவில்லை, பின்னால் அறை வெடித்து முதுகில் சூடு அடித்தது. உள்ளே இருந்த மூன்று பேரில் ஒருத்திதான் பிழைத்தாள், அவளும் எட்டு நாள். எப்படி ஆனது என்று யாருக்கும் தெரியாது, வெயில் என்றார்கள், கலவை சரியில்லை என்றார்கள். ஆனால் அக்காளுக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. "ஏ சங்கரி, எந்திரிக்கும்போது கையில கரண்டி இருந்திச்சு. அத வச்சனா, போட்டனா?" சாப்பிடும்போது கேட்பாள். தலை வாரும்போது கேட்பாள். இப்போதும், பேரன் பேத்தி எடுத்த பிறகும், வாட்ஸ்அப்பில் பேசும்போது வேறு பேச்சுக்கு நடுவில் முகம் ஒரு மாதிரி ஆகி நின்றுவிடுவாள். சங்கரிக்குத் தெரியும், வச்சனா போட்டனா என்று உள்ளே ஓடுகிறது. அந்த மருந்தே வேண்டாம் என்றுதான் சங்கரியை அமெரிக்க மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். வந்து சேர்ந்த இடத்தில் அவளும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது வரிசை போடும்போது இதை எல்லாம் நினைத்துக்கொண்டே இருந்தாள். ஆனாலும் கை தவறவில்லை. தவறியது போன் வந்தபோதுதான்.

"அம்மா, எங்க இருக்கீங்க? என்னமோ எக்கோ அடிக்குது," என்றாள் சியாட்டிலிலிருந்து சௌமியா. கேரேஜில் என்றாள் இவள். "கேரேஜ்ல என்ன பண்றீங்க இந்த வெயில்ல? அந்தத் தோட்டா வேலையா? அம்மா, நான் எத்தன தடவ சொல்றது? அத வித்துடுங்க. டேல் அங்கிள்கிட்ட சும்மாவாச்சும் குடுத்துடுங்க." அப்பா ஆசைப்படுகிறாரே என்றாள். "அப்பா எதுக்கு ஆசைப்படுறார்னு உங்களுக்குத் தெரியுமா? கேட்டீங்களா?" என்ன கேட்பது, எப்படிக் கேட்பது? "சாப்ட்டியா?" என்றாள். "சாப்ட்டேன்," என்றாள் மகள். போனை வைக்கிற வரைக்கும் இருவரும் வேறு என்ன பேசினார்கள் என்று ஞாபகமில்லை. எதுக்கு ஆசைப்படுறார்னு உங்களுக்குத் தெரியுமா? அது மட்டும் நின்றது. அதைக் காதில் வைத்துக்கொண்டே கரண்டியை எடுத்தாள், கவிழ்த்தாள், எடுத்தாள், கவிழ்த்தாள். இருபத்தேழா, இருபத்தெட்டா?

தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும் என்றும் சொல்ல முடியாது. பிப்ரவரியில் இரண்டு வாரம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சாப்பாட்டுக் கரண்டியை வாயருகே கொண்டு போனால் உதட்டை இறுக்கிக்கொண்டார். அப்போதுதான் அவள் துப்பாக்கிப் பெட்டியின் சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். பிறகு தானாகவே எழுந்து உட்கார்ந்தார், சாப்பிட்டார், பயிற்சிக்கு வந்தார். போன மாதம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டர் பெண், கையில் இருந்த கம்ப்யூட்டர் பலகையைத் தட்டித் தட்டி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, மலச்சிக்கல் உண்டா, வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? இவர் தலையைத் திருப்பி சங்கரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது? சொல்லாதே என்பதா? சொல்லிவிடு என்பதா? ஒன்றும் இல்லாமல், பெயரைக் கேட்டால் திரும்புவதுபோல் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினாரா? "இல்லை," என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வரும் வழியெல்லாம் கார் ஓட்டிக்கொண்டே, ஏன் அப்படிச் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டுக்கொண்டாள். ஒருவருக்கு மிச்சமிருக்கிற ஒரே ஆசையை அவர் முகத்துக்கு நேரே பிடுங்க மனம் வரவில்லை, அதுதான். ஆனால் அந்த ஆசை எது என்று தெரியாமலே அல்லவா காப்பாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்? ஒருவேளை அவருடைய சாவுக்கு அவளே உட்கார்ந்து கரண்டி கரண்டியாக அளந்துகொண்டிருக்கலாம். இல்லை, பாவம், சனிக்கிழமை சிநேகிதர்களோடு போய்க் காகிதத்தில் ஓட்டை போட வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிற மனுஷனை அவள்தான் இப்படியெல்லாம் நினைத்து அசிங்கப்படுத்துகிறாளா? ஒரு வார்த்தை, வேறு ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும்.

"நாளைக்கு!" என்றார் அவர், மேசையை அடித்து. "என்னங்க, தண்ணியா?" தலையாட்டினார். தம்ளரை நீட்டினாள், தட்டிவிட்டார். "மருந்து ரெண்டு தடவ போட்டுட்டனா?" தலையாட்டினார். "ஒரு தடவதான போட்டேன்?" அதற்கும் தலையாட்டினார். அது அப்படித்தான். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரி ஆடும், அதை நம்பாதீர்கள் என்று பயிற்சிப் பெண் சொல்லியிருக்கிறாள். "இந்த வரிசையா?" தலையாட்டல். "எதுலங்க, எந்தக் குழியில, தொட்டுக் காட்டுங்க." அவர் இடது கையை நீட்டினார். மேசை அகலம், நாற்காலியின் கைப்பிடி இடித்தது, உடம்பு வலது பக்கம் சாய்ந்தது, விரல் பலகையின் ஓரத்துக்கு வந்து, எட்டாமல், பலகையையே இழுத்தது. முப்பது தோட்டாவும் இருபது கூடும் கடகடவென்று ஆடின. "ஐயோ, விடுங்க, விடுங்க, கொட்டிரும்!" கையைப் பிடித்து எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடங்கிவிட்டார். அடங்கியதுதான் அவளுக்குத் தாளவில்லை. அடித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிரித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். அதற்கும் ஒரு சாமான் உண்டு, பிளாஸ்டிக் சுத்தியல். அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகித் திருகி, கட்டையின்மேல் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று மருந்தோடு சுத்தியலின் வயிற்றுக்குள் விழும். டேல் அடித்துக் காட்டியபோதே அவளுக்குக் கண் இருண்டது. மருந்தை அடிப்பதா? மருந்து நிறைந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே, ஓங்கி? ஒன்றும் ஆகாது, கேப்பில் அடி படாதவரை ஒன்றும் ஆகாது என்றார் டேல். இருபத்தொன்றாவதைச் செருகினாள். கையைத் தூக்கினாள், கை மேலேயே நின்றது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வரலாமா என்று நினைத்தாள். தள்ளி நிறுத்தினால், நீ பயப்படுகிறாய் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். டொக். ஒன்றும் ஆகவில்லை, குண்டும் கழலவில்லை. இன்னொரு அடி. இன்னொன்று. கலகலவென்று உள்ளே சத்தம். தட்டில் கவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் குவியல், எறும்புப் புற்றின் வாயில் இருக்குமே, அவ்வளவுதான். தராசில் வைத்தாள், சரியாக இருந்தது. இருபத்திரண்டு சரி. இருபத்துமூன்று சரி. ஒவ்வொரு அடிக்கும் அக்காளின் முதுகு நினைவுக்கு வந்தது, தண்ணீர் குடிக்கப் போகிற முதுகு. இருபத்தேழைக் கவிழ்க்கும்போது கை வேர்த்து வழுக்கியது. சரி. இருபத்தெட்டு சரி. முப்பது வரைக்கும் எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒரு கரண்டி. ஒன்றும் தவறவில்லை. நாற்காலிப் பக்கம் திரும்பி, சிரிப்பும் அழுகையுமாக, "எல்லாம் சரியாத்தாங்க இருக்கு, ஒன்னுமில்ல," என்றாள்.

"நாளைக்கு," என்றார் மெதுவாக. அடிக்கவில்லை. அவர் பார்த்தது மூன்றாவது வரிசையை அல்ல என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. கண் இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தது. இரண்டாவது வரிசை. இரண்டாவது வரிசை போட்டுக்கொண்டிருந்தபோதே அவர் ஒரு தடவை கத்தினார், இல்லையா? ஆமாம், மேசையை அடித்தார், அவள் மூத்திரம் போலிருக்கிறது என்று கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வேட்டியைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், பத்து நிமிஷம். ஒரு சொட்டு வரவில்லை. அவள்கூடக் கொஞ்சம் எரிச்சலாக, "வரலைன்னா எதுக்குங்க கூப்பிட்டீங்க?" என்றாளே. அப்போது அவர் சுவரில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். புத்தி போகவில்லை. புத்தி போகாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மாதிரி நிற்க வைத்து, வரலைன்னா எதுக்குக் கூப்பிட்டீங்க என்று கேட்டிருக்கிறாள். ஒன்பது மாதத்தில் இப்படி எத்தனை தடவையோ? பசி என்று நினைத்து ஊட்டியது, குளிர் என்று நினைத்துப் போர்த்தியது, எத்தனை தடவை அவர் வேறு எதையோ சொல்லிவிட்டு, வாயைத் திறந்து, அவள் ஊட்டியதை விழுங்கினாரோ? பதினொன்றைச் செருகி அடித்தாள். சரி. பன்னிரண்டு. பதின்மூன்று. இப்போது கண்ணை மூடவில்லை. பதினேழைக் கவிழ்த்தபோது மருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் என்று சுத்தியலை நிமிர்த்தப் போனவள் மறுபடி சாய்த்தாள், இன்னும் கொட்டியது. பக்கத்துக் குவியலைப் போல் இரண்டு பங்கு. தராசின் எண் ஏறி நின்றது.

அவள் நிச்சயமாக இருந்த வரிசை அது. கை தவறவில்லை என்று சத்தியம் பண்ணியிருப்பாள். சத்தியம் பண்ணி, நான்கு மணிக்கு வண்டி ஏறிப் போய், அவர் கையோடு தன் கையைச் சேர்த்து வைத்து அழுத்தியிருப்பாள். உட்கார்ந்துவிட்டாள். இவர் பார்த்திருக்கிறார். பார்த்து, சொல்லி, அவள் காதில் விழாமல், மறுபடி சொல்லி, மறுபடி சொல்லி. சாக வேண்டும் என்று நினைக்கிற மனுஷன் இதைச் சொல்லியிருப்பாரா? பேசாமல் இருந்திருந்தாலே போதுமே. அந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் லேசானது. ஆனால் நெஞ்சு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, உடனே வழுக்கியது. அதே பிடியில் என் கையும்தானே இருக்கும்? எனக்காகச் சொல்லியிருக்கலாம். நான் சாகக் கூடாது என்று நினைத்தார் என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. தான் சாகக் கூடாது என்று நினைத்தாரா என்பது தெரியவில்லை. இவ்வளவு பெரிய விஷயம் தெரிந்த பிறகும், தெரிய வேண்டியது தெரியவில்லை. எழுந்து போய் நாற்காலிக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டாள், சிமெண்டு சுட்டது. அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் கேட்டது, டாக்டர் கேட்காமல் கேட்டது, அவளே ஐந்து மாதமாக வாய்க்குள் வைத்திருந்தது. "மாமா," என்றாள். கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட்டது, சௌமியா பிறந்த பிறகு விட்டுப்போனது. "செத்துப் போயிரணும்னு இருக்கா உங்களுக்கு?" அவர் அவளைப் பார்த்தார். வாய் கோணியது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதையும் நம்ப முடியாது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணம் இல்லாமலே அழுகை வரும், சிரிப்பு வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் நாய்க்குட்டி வந்தால்கூட அழுகிறார். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை, துடைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நாற்காலியைச் சுற்றிக் கொண்டுவந்து தன் பக்கத்திலேயே, மேசையை ஒட்டி நிறுத்தினாள். இத்தனை நாளும் ஏன் எதிர்ப்பக்கம் உட்கார வைத்தோம்? எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, தொட்டுக் காட்டுங்கள் என்று கேட்டோம். மிச்சமிருந்த எல்லாவற்றையும், முதல் வரிசை உட்பட, பிரித்துக் கொட்டினாள். அந்த இரட்டைக் குவியலை மட்டும் தட்டில் ஒதுக்கிவிட்டு, மற்ற மருந்தைச் சுத்தமாக வழித்துக் குப்பியில் சேர்த்தாள், கூடுகளைத் துடைத்து மறுபடி குழிகளில் நிறுத்தினாள். அவர் விரலை நீட்டி முதல் குழியின் வாயைத் தொட்டார். அவள் கரண்டியை வழித்துக் கொண்டுவந்தாள், விரல் விலகியது, கவிழ்த்தாள், விரல் இரண்டாவது குழிக்குப் போனது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. விரல் தொட்ட குழியில் மட்டும் போட்டாள். பத்து ஆனதும் டார்ச் அடித்து இருவரும் குனிந்து பார்த்தார்கள், குண்டு வைத்தார்கள். அடுத்த பத்து. இருபத்துமூன்றாவது குழியில் இருக்கும்போது வெளியே டேலின் பிக்கப் வந்து நின்றது. பாதி தூக்கிய கதவுக்குக் கீழே குனிந்து தொப்பியோடு உள்ளே வந்தார். "என்ன, ரெடியா?" என்று அவருடைய இங்கிலீஷில் கேட்டார்.

"இல்ல டேல். ஒன்னுல ரெண்டு கரண்டி விழுந்திருந்தது. எல்லாத்தையும் பிரிச்சிட்டு மறுபடி போடுறோம்." டேல் தட்டில் தனியாக வைத்திருந்த அந்தக் குவியலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "யார் கண்டுபிடிச்சது?" இவர்தான் என்றாள். டேல் தங்கமாரியப்பனின் தோளில் கை வைத்தார். அந்தக் கை அங்கே இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் சாப்ட்டியா என்று கேட்டுவிடுவோம் என்று அவளுக்குப் பட்டது. இங்கிலீஷ் நாக்கில் ஒட்டியது. "டேல், இன்னைக்குச் சுட்டு முடிச்சதும் துப்பாக்கிய நீங்க உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க. சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும். தோட்டா நாங்க செய்யிறோம். சனிக்கிழமை நீங்க கொண்டு வாங்க, வந்து சுடுறோம். இந்த வீட்ல இருக்க வேணாம்." டேல் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. "சரிம்மா," என்கிற மாதிரி ஏதோ சொன்னார். வண்டியை அணைத்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். தமிழில் சொன்னாள். "கேட்டீங்கள்ல. டாக்டர்கிட்டயும் திங்கக்கிழமை உண்மையச் சொல்லப் போறேன். எனக்குப் பயமா இருக்கு. நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியல, தெரியாம இதோட ஒரே வீட்ல என்னால இருக்க முடியல. கோவிச்சுக்கோங்க, பரவாயில்ல."

அவர் பலகையைப் பார்த்தபடி இருந்தார். விரல் இருபத்துமூன்றாவது குழியின்மேல் இருந்தது, ஏற்கெனவே மருந்து போட்ட குழி, அதன் வாயை மூடினாற்போல. நகரவில்லை. வெளியே டேலின் வண்டி அணைந்தது. புல்வெட்டும் மிஷினும் எப்போதோ நின்றுபோயிருந்தது. வழித்த கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். கோபமா, வெட்கமா, விட்டது தொல்லை என்பதா, அல்லது அலுத்துப்போய்க் கை நின்றுவிட்டதா? முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை, தெரியப்போவதும் இல்லை. முழங்கை வலிக்க ஆரம்பித்தது. கரண்டியின் ஓரத்திலிருந்து ஒரு மணி மருந்து மேசையில் விழுந்தது. அவசரமில்லை என்று சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து விரல் அந்தக் குழியைவிட்டு எழுந்தது. பக்கத்துக் குழிக்குப் போய் அதன் விளிம்பைத் தொட்டு நின்றது. சங்கரி டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தாள். காலியாக இருந்தது. கரண்டியைக் கவிழ்த்தாள்.